காவிரிப்பூம்பட்டினத்துப் படகுத்துறை

நம் தங்கவயலுக்குக் காவிரி அயலார் அல்லள். 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முதல், சிவசமுத்திர நீர்வீழ்ச்சியினின்று ஏறத்தாழ 92 மைல் கம்பிவழி வந்த மின்சாரமே சுரங்கப் பொறிகளை இயக்கிற்று. அவ்வாறு கடலொடு கலக்கும் இடத்தைக் காணவேண்டும் என்னும் அவா எமக்கு நெடுநாளாய் உண்டு. சில ஆண்டுகட்கு முன் விடுப்பெடுத்து, எம் தந்தையாரையும் மக்களையும் அழைத்துக்கொண்டு, சாம்பியனில் வண்டியேறி, பெங்களூரில் மாறி, மயிலாடுதுறையில் இறங்கிப் பூம்புகார் சேர்ந்தோம்.

அங்கே மாநிலத் தொல்லியல் துறையினர் 1997இல் அமைத்த கடலடி அகழ்வைப்பகத்தைக் கண்டோம். அவ்வூருக்கு எதிரே கடலுள் மூழ்கிய கப்பலொன்றின் ஈயப்பாளங்களும் கண்டெடுக்கப்பட்டுள்ளன; அவற்றில் 1791, 1792 என ஆண்டு பொறித்திருந்தது. ஏற்றிய சரக்கு, சேராத சரக்கு! பார்சல் பேரேட்டுடன் நாள் கழிக்கும் எமக்கு அச்செய்தி உறுத்தலாகவே இருந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல் கொணர்ந்த படகுகளையும், சுங்கத்தார் பொதிகளில் புலிச்சின்னம் பொறித்ததையும் கூறுகின்றார். கரிகாலன் காலத்திலும் நம்மைப்போல் எழுத்தர் இருந்தனர் போலும்!

அண்மையிலுள்ள கீழையூருக்கும் சென்றோம். மத்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் அங்கே அகன்ற செங்கற்களாலான படகுத்துறையை அகழ்ந்தெடுத்தனர். படகுகளைப் பிணிக்க நட்ட மரத்தூண்களின் அடிக்கட்டைகளும் கிடைத்தன. கரிக்கணிப்பின்படி அம்மரம் கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டளவினது. "துறை இருக்கிறது, ஆறு எங்கே அப்பா?" என்றான் மகன். ஆறு விலகிப் போயிற்று என்றோம். இன்று காவிரி, மேலே பல கால்களாய்ப் பிரிந்து, இவ்விடத்தை மெலிந்த ஓடையாகவே அடைகின்றாள்.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. அவர் இறங்கி உழைத்த சுரங்கம், 10,000 அடிக்கும் மேல் ஆழமுடையது, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. பின்னர் மெல்லக் கேட்டார்: "பொதிக்குப் புலி குத்தினார்கள், சரி. சுமந்தவன் பேரை எங்கே எழுதினார்கள்?"

எம்மிடம் விடையில்லை.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து, எண் பொறித்த தம் பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்தார். அதன் படத்தைப் பெயர், ஊர், பணியாற்றிய ஆண்டுகளுடன் சங்கத்தாரிடம் சேர்ப்பித்துள்ளோம். வரிசை வீடுகளில் வாழ்வோர் தத்தம் பெரியோரின் வில்லை, சம்பளச்சீட்டு, நிழற்படம் எவையேனும் இருப்பின், விவரம் எழுதித் தந்துதவ வேண்டுகிறோம்.