முதல் வேலையும் ஒரு ஸ்டூலும்

1968-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது எனக்கு வயது 16. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கேட்க அப்பா கூட்டிப்போனார். மனு எதுவும் எழுதவில்லை, தெரிந்தவர் சிபாரிசுதான். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீட்டர் 3 ரூபாய் 20 காசு. ரெண்டேகால் மீட்டர் என்ன ஆச்சு?”

“7 ரூபாய் 20 காசுங்க, ஐயா.”

“நாளைக்கு அனுப்பி வையுங்க” என்றார் அப்பாவிடம். சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை. அன்று அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை.

காலை 9 மணிக்கு நின்றால் இரவு 9 வரை நிற்கவேண்டும். ஆள் வராத நேரத்தில் துணிக்கட்டில் சாய்ந்தாலே அதட்டல் விழும். ராத்திரி அம்மா காலுக்கு வெந்நீர் ஊற்றுவாள்.

பிற்பாடு அரசு உத்தியோகத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. 1947-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்துவிட்டது. 14 முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. 17 முடியாதவருக்கு நாளைக்கு 7 மணி நேரம்தான், அதுவும் மாலை 7 மணிக்குள். எனக்கும் அப்பாவுக்கும் அது தெரியாது. முதலாளிக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

ஆனால் அந்தச் சட்டத்திலும் உட்காருவதைப் பற்றிப் பேச்சில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018-ல் கேரளம் அந்த உரிமையைக் கொடுத்தது. நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில்தான் திருத்தம் நிறைவேற்றியது.

போன மாதம் பேத்திக்குப் பாவாடை எடுக்கப் போனேன். கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் சேலை அடுக்கியிருந்தார்கள். “உட்காரேன், தம்பி” என்றேன். பையன் கல்லாப் பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.