புரூஜ்: தங்கியவர்களின் நகரம், வந்துபோகிறவர்களின் நகரம்

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத் தலைநகரான புரூஜுக்குப் பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், கெண்ட் நகரிலிருந்து அதில் பாதி நேரத்திலும் வந்துவிடலாம் என்பதால், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களே அந்நகரைப் பார்க்க வருவோரில் பெரும்பான்மையினர். கால்வாயில் அரை மணி நேரப் படகுச் சவாரி, சந்தைச் சதுக்கத்தில் 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டின் 366 படிகள், மெம்லிங்கின் ஓவியங்கள் உள்ள பழைய மருத்துவமனை என்று அவர்களுடைய பகற்பொழுது பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு நாள் பயணத்தை அண்மைக் காலச் சுற்றுலாத் தொழிலின் விளைவாக மட்டும் கொள்வது வழக்கமாயினும், வெளியூரார் இங்கு எவ்வளவு காலம் தங்கினர், எங்கே தங்கினர் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நகரின் வரலாற்றைப் பார்க்கும்போது, அதன் செழிப்பும் சரிவும் மட்டுமல்லாமல் இன்றைய தோற்றமும் அக்கேள்வியோடு பின்னிக் கிடப்பது தெரிகிறது.

புரூஜ் கடற்கரை நகரன்று. 1134ஆம் ஆண்டின் புயல்வெள்ளம் கரையை அரித்து ஸ்வின் எனப்படும் கழிமுகத்தை ஆழப்படுத்திய பின்னரே கடற்கப்பல்கள் நகருக்கு அருகில் வர வழி பிறந்தது. அப்போதும் பெரிய கப்பல்கள், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த டாம் என்னும் வெளித்துறைமுகத்திலும், பிற்காலத்தில் அதற்கும் அப்பாலுள்ள ஸ்லைஸ் துறையிலும் நின்றுவிட, சரக்குகள் சிறு படகுகளுக்கு மாற்றப்பட்டு ரெய் ஆற்றின் கிளைகள் வழியே ஊருக்குள் வந்தன. சந்தைச் சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில், ஆற்றின் மேலேயே கட்டப்பட்டிருந்த நீர்மண்டபம் ஒன்றின் அடியில் படகுகள் நுழைந்து, மழையில் நனையாமல் சரக்கை இறக்கின. கனத்த மதுப் பீப்பாய்களைத் தூக்குவதற்கு நகரத்துக்குச் சொந்தமான மரப் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. அதன் பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நின்று நடந்தே அதை இயக்கினர்.

இவ்வழியே வந்த வணிகர்கள் சரக்கை விற்றுவிட்டு மறுநாளே திரும்பியவர்கள் அல்லர். 1277இல் ஜெனோவாக் கப்பல்கள் கடல்வழியாக வந்து சேர்ந்தபின் இத்தாலியரும், அதற்கு முன்பே வட ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சாவைச் சேர்ந்தவர்களும் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் இங்குத் தங்கினர். லண்டனிலும் நார்வேயின் பெர்கனிலும் ரஷ்யாவின் நோவ்கரதிலும் ஹன்சா வணிகர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட தனி வளாகங்களில் வாழ, புரூஜில் மட்டும் நகரத்தாரின் வீடுகளில் பரவலாக வாடகைக்கு இருந்தனர் என்பது கவனத்துக்குரியது. விடுதிக்காரரே தரகராகவும் விளங்கிய ஒரு வகுப்பினர் இவ்வமைப்பின் அச்சாணியாக இருந்தனர். விருந்தினருக்கு அறையும் சரக்குக்கு நிலவறையும் தந்ததோடு அவர்கள் பணி முடிந்துவிடவில்லை. வாங்குவோரைத் தேடித் தருவதும், விருந்தினரின் கடனுக்குப் பிணை நிற்பதும், அவர் ஊருக்குப் போயிருக்கும்போது விட்டுச்சென்ற சரக்கை விற்று வைப்பதும், காசுமாற்றுவோரிடம் இருந்த தம் கணக்கின் வழியே அவருக்காகப் பணம் செலுத்துவதும் அவர்கள் பொறுப்பே. நாணயத்தைக் கைமாற்றாமல் ஏட்டில் பதிந்தே கடன் தீர்க்கும் வழக்கம் புரூஜில் இவ்வளவு வேரூன்றியதற்கு இந்த விடுதிக்காரர்களே பெரிய காரணம். இவர்களுள் வான் டெர் பூர்ஸ என்னும் குடும்பத்தாரின் விடுதி நின்ற சிறு சதுக்கத்தைச் சுற்றியே வெனிஸ், ஃபிளாரன்ஸ், ஜெனோவா வணிகர்களின் மன்றங்கள் அமைந்ததால், மாற்றுச் சீட்டுகளின் விலையும் பணமாற்று விகிதமும் அங்கே திறந்தவெளியில் பேசி முடிக்கப்பட்டன.

நகரின் சரிவுக்கு ஸ்வின் தூர்ந்ததையே பாடநூல்கள் காரணமாகக் காட்டும். மணல் சேர்ந்தது உண்மையே. ஆயினும் தூர்வாருவதற்குத் தொடர்ந்து செலவிட்ட நகரம் அதனால் மட்டும் வீழ்ந்ததாகச் சொல்வது விருந்தினரை மறந்த விளக்கமாகும். ஆட்சியுரிமை பற்றி ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்ஸிமிலியனோடு மூண்ட பூசலில், 1488இல் நகரத்தார் அவரைச் சந்தைச் சதுக்கத்து வீடொன்றில் மாதக் கணக்கில் சிறைவைத்தனர். அவரோ அயல்நாட்டு வணிகரை ஆண்ட்வெர்ப்புக்குக் குடிபெயரும்படி ஏவினார். ஹன்சாவினர் தமக்கென்று ஒரு பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கிப் பத்தாண்டே ஆகியிருந்த வேளை அது. தங்குகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேறியதும், அவர்களை நம்பியிருந்த விடுதிக்காரரும் தரகரும் கைவினைஞரும் தொழில் இழந்தனர்.

அதன்பின் புரூஜுக்கு வந்தவர்களில் வழிப்போக்கரே மிகுதி. 1613க்கும் 1623க்கும் இடையில் கெண்டிலிருந்து புரூஜுக்குக் கால்வாய் வெட்டப்பட்டதும், குதிரைகள் கரையில் நடந்து இழுக்கும் பயணப் படகுகள் அதில் ஓடத் தொடங்கின. பகற்பொழுதின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட அப்பயணம், படகிலேயே உணவு பரிமாறப்பட்ட சொகுசுக்காகப் பெயர் பெற்றது. தெற்கு வாயிலருகே அப்படகுகள் வந்து நின்ற இடத்தை நினைவுபடுத்தும் பெயருடைய சதுக்கத்தில்தான் இன்று சுற்றுலாப் பேருந்துகள் பயணிகளை இறக்கிவிடுகின்றன. காதல் ஏரி என்று வழிகாட்டிகள் கொஞ்சும் மின்னவாட்டர் குளமும் உண்மையில் மதகு வைத்து நீர்மட்டத்தைக் காத்த ஒரு தேக்கமே.  

1838இல் ரயில் வந்தபோது புரூஜ் பெல்ஜியத்தின் மிக வறிய நகரங்களுள் ஒன்றாக இருந்தது. பெண்கள் சொற்பக் கூலிக்கு லேஸ் பின்னி வாழ்ந்தனர். வாட்டர்லூ போர்க்களத்தைக் காண வந்த ஆங்கிலேயர்கள், பணம் இல்லாத காரணத்தாலேயே இடிக்கப்படாமல் தப்பிய பழைய வீடுகளைக் கண்டு வியந்தனர். அவர்களில் சிலர் வாழ்க்கைச் செலவு குறைவு என்பதால் இங்கேயே குடியேறி, கோதிக் கலை மறுமலர்ச்சி என்னும் தம் நாட்டு இயக்கத்தையும் கொண்டுவந்து சேர்த்தனர். 1877 முதல் நகர நிர்வாகம் வீட்டு முகப்புகளைப் பழைய பாணியில் புதுப்பிப்பதற்கு மானியம் அளித்தது. 1787இல் இடிக்கப்பட்ட நீர்மண்டபத்தின் இடத்தில் எழுந்த கட்டடம் 1878இல் எரிந்துபோக, அங்கே கட்டப்பட்ட மாகாண மாளிகை இடைக்காலப் பாணியைத் தழுவியது. இன்று மிக அதிகமாகப் படம் பிடிக்கப்படும் போனிஃபாசியுஸ் பாலத்தை இடைக்காலத்தது என்றே வருவோர் எண்ணுகின்றனர். அது கட்டப்பட்டது 1910இல். பழைமையைக் காண வந்தவர்களுக்காகப் பழைமையே ஓரளவு புதிதாகச் செய்யப்பட்டது என்று கூறுவது மிகையாகாது. அதைப் போலி என்று ஒதுக்கிவிடுவதும் பொருந்தாது, ஏனெனில் நூறாண்டுக்கும் மேலாக மக்கள் அதில் வாழ்ந்து, அதைப் பேணியும் வந்துள்ளனர்.

1892இல் ஜார்ஜ் ரோடன்பாக் பிரெஞ்சு மொழியில் எழுதிய 'இறந்த புரூஜ்' என்னும் நாவல், கால்வாய்ப் படங்களோடு வெளிவந்து, மௌனமும் துக்கமும் சூழ்ந்த நகரம் என்ற பெயரை ஐரோப்பா முழுதும் பரப்பியது. கடலோடு நகரை மீண்டும் இணைக்கப் புதிய துறைமுகம் வேண்டுமென்று அதே ஆண்டுகளில் வாதாடிக்கொண்டிருந்த நகரத்தாருக்கு இப்படைப்பு எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. எனினும் சாவின் அமைதியைத் தேடி வந்தவர்களால் விடுதிகள் பிழைத்தன. 1902இல் மாகாண மாளிகையில் நடந்த பழைய ஃபிளாண்டர்ஸ் ஓவியர்களின் கண்காட்சி கலையார்வலர்களையும் அழைத்துவந்தது.

பகல் நேரப் பயணியின் பாதை இன்றும் தெற்கிலுள்ள ரயில் நிலையத்திலோ பேருந்துச் சதுக்கத்திலோ தொடங்கிச் சந்தைச் சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. வணிகர்கள் வாழ்ந்த நகரமோ அதற்கு வடக்கே, சுங்க மாளிகை நிற்கும் யான் வான் ஐக் சதுக்கத்திலும் அதையடுத்த ஸ்பீகல்ரெய் கால்வாய்க் கரையிலும் இருக்கிறது. ஒரே நாளில் நகரைப் பார்க்க எண்ணுகிறவர் மணிக்கூண்டின் வரிசையில் நிற்கும் நேரத்தை அத்திசைக்குத் திருப்பினால், சரக்குப் படகுகள் வந்த வழியையே பின்தொடரலாம்.

நகரத்தார் கேட்ட துறைமுகம் 1907இல் சேபுரூகவில் திறக்கப்பட்டது. ஹன்சா காலத்து வணிகத்தை மீட்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அத்துறைமுகம், பிற்காலத்தில் உல்லாசக் கப்பல்களின் நிறுத்தமாகவும் ஆனது. அவற்றிலிருந்து இறங்குவோர் சில மணி நேரத்தில் நகரைச் சுற்றிவிட்டு, இரவு உணவுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் இருந்தோரில் பாதிக்கும் குறைவாக, ஏறத்தாழ 20,000 பேரே இன்று பழைய நகருக்குள் வாழ்கின்றனர். அவர்களது பொறுமையைக் கருதி, 2019இல் நகர மேயர் டிர்க் டெ ஃபா, பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் ஒரு நாள் பயணத்துக்கு விளம்பரம் செய்வதை நிறுத்தவும், ஒரே நாளில் வந்து நிற்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் திட்டம் அறிவித்து, இரவு தங்குகிறவர்களையே இனி நகரம் நாடும் என்று தெரிவித்தார்.