ஒட்டிப் பிழைத்த ஃபில்டர்கள்

படம் திருத்தும் மென்பொருளுக்குள் வெளியார் எழுதிய ஃபில்டரைச் செருகிக்கொள்ளும் வழக்கம் 1980களின் இறுதியில், ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிகளில் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இயங்கிய சிலிக்கான் பீச் சாஃப்ட்வேர் நிறுவனம், 1988 வாக்கில் தன் டிஜிட்டல் டார்க்ரூம், சூப்பர்பெயின்ட் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் இதற்கு வழி செய்திருந்தது. புதிய விளைவு ஒன்று வேண்டுமென்றால் மென்பொருள் முழுவதையும் மறுபடி எழுதி மறுபடி விற்க வேண்டியதில்லை. சிறு கோப்பு ஒன்றை உரிய ஃபோல்டரில் போட்டால் போதும், மெனுவில் அதன் பெயர் வந்து நிற்கும். இந்த ப்ளக்-இன் ஏற்பாட்டை உலகெங்கும் கொண்டுசேர்த்த பெருமை மட்டும் அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை. அது 1990இல் வந்த ஃபோட்டோஷாப்புக்குப் போனது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கிய 'டிஸ்ப்ளே' என்ற நிரல்தான் ஃபோட்டோஷாப்பின் கரு. அவருடைய தம்பி ஜான் நோல், திரைப்படத் தந்திரக்காட்சிகளுக்குப் பேர்போன இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் அடித்தளத்தை எழுத, தம்பி விளைவுகளை எழுதினார். 1988இல் அடோபி நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு மேக்கின்டாஷுக்கு மட்டும் வெளிவந்தது. படத்தைச் சுழிக்கும், நெளிக்கும் விளைவுகளெல்லாம் ஒரு தொழில்முறைக் கருவிக்குப் பொருந்தாத விளையாட்டுகள் என்று அடோபிக்குள் ஒரு சாரார் நினைத்தார்கள். ப்ளக்-இன் வசதி இருந்ததால், மைய நிரலைத் தொடாமலே தம் ஃபில்டர்களை ஜான் நோல் உள்ளே கொண்டுவந்துவிட்டார். ஃபோட்டோஷாப்புக்குள் பின்வாசல் வழியாக நுழைந்த முதல் ஆள் அதை உருவாக்கியவர்களில் ஒருவரே என்பது வேடிக்கைதான்.

ஃபில்டர் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால்தான் அது ஏன் அடிக்கடி இயங்காமல் போனது என்பதும் விளங்கும். ஃபில்டர் தனியாக ஓடும் நிரல் அல்ல. தாய் மென்பொருள் அதை நினைவகத்தில் ஏற்றி, ஆறு வகை அழைப்புகளில் ஒன்றைச் சொல்லிக் கூப்பிடும்: உன்னைப் பற்றிச் சொல், பயனரிடம் அளவுகளைக் கேள், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கணக்கிடு, தொடங்கு, தொடர், முடி. ஒவ்வொரு அழைப்போடும் ஒரு பெரிய படிவம் கைமாறும். படத்தின் அகலம், உயரம், நிற முறை, தேர்ந்தெடுத்த பகுதி எல்லாம் அதில் இருக்கும். 'இந்தச் செவ்வகத்தில் உள்ள புள்ளிகளைக் கொடு, அந்தச் செவ்வகத்தில் எழுத இடம் கொடு' என்று ஃபில்டர் அதே படிவத்தில் குறித்துத் திருப்பித் தரும். தாய் மென்பொருள் அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஃபில்டர் கணக்குப் போட்டு எழுதியதும் அடுத்த துண்டு வரும். சில மெகாபைட் நினைவகமே இருந்த காலத்தில், படம் முழுவதையும் ஒரேயடியாக யார் கையிலும் கொடுக்க முடியாது என்பதால் வந்த முறை இது.

ஆக, ஒரு ஃபில்டர் வேலை செய்ய மூன்று பொருத்தங்கள் வேண்டும். ஃபில்டரும் தாய் மென்பொருளும் ஒரே வகைச் சில்லுக்கும் இயங்குதளத்துக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். படிவத்தின் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பதில் இரண்டுக்கும் ஒரே புரிதல் வேண்டும். திறந்திருக்கும் படமும் அந்த ஃபில்டர் கையாளத் தெரிந்த வகையாக இருக்க வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகளின் தகராறுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறியதால் வந்தவை.

தொடக்கத்தில் தகராறு தெரியவில்லை, சந்தைதான் தெரிந்தது. சிலிக்கான் பீச்சை வாங்கிய ஆல்டஸ் நிறுவனம், ஓவியத் தூரிகை, கரித்துண்டு, நீர்வண்ணம் போன்ற விளைவுகளை 'கேலரி எஃபெக்ட்ஸ்' என்ற பெயரில் தொகுதி தொகுதியாக விற்றது. 1992இல் கலிஃபோர்னியாவின் ஹெச்எஸ்சி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'காய்ஸ் பவர் டூல்ஸ்' அந்தக் காலத்தின் நட்சத்திரம். ஜெர்மனியில் பிறந்த காய் கிராவுஸ் வடிவமைத்த அதன் திரைகள் வழக்கமான மெனு, பொத்தான் எதையும் மதிக்காமல், வேறொரு கிரகத்துக் கருவிப் பலகைபோல இருந்தன. பக்கத்தின் ஓரம் சுருண்டு மடிவதுபோல் காட்டும் அதன் 'பேஜ் கர்ல்' விளைவு, 1990களின் விளம்பரங்களில் சலிக்கச் சலிக்க வந்தது. வட கரோலினாவின் ஏலியன் ஸ்கின் நிறுவனம் எழுத்துக்கு நிழலும் புடைப்பும் தரும் ஃபில்டர்களை விற்றுப் பெயர் வாங்கியது. ஃபோட்டோஷாப்பில் இன்று ஒரு சொடுக்கில் விழும் நிழலுக்கு அன்று தனியாகக் காசு கொடுத்தார்கள்.

வெளியார் சரக்கு நன்றாக விற்றால் அதைத் தாய் நிறுவனம் தன் கடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதும் அப்போதே தெரிந்தது. 1994இல் ஆல்டஸ் அடோபியுடன் இணைந்தது. 1996இல் வந்த ஃபோட்டோஷாப் 4இல் கேலரி எஃபெக்ட்ஸ் ஃபில்டர்கள் உள்ளேயே இருந்தன. இன்றும் 'ஃபில்டர் கேலரி' என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

ஃபில்டர்களை எண்ணிக்கையில் பெருக்கியது நிறுவனங்கள் அல்ல, பொழுதுபோக்காக எழுதியவர்கள். ஃபோட்டோஷாப் 3 காலத்தில் அடோபியின் ஜோ டெர்னாஸ்கி எழுதிய 'ஃபில்டர் ஃபேக்டரி' அவர்கள் கைக்கு வந்தது. அதுவும் ஒரு ஃபில்டர்தான். ஆனால் வேறு ஃபில்டர்களை உருவாக்கும் ஃபில்டர். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்குச் சூத்திரத்தை எழுத வேண்டும். சிவப்புக் கட்டத்தில் '255 கழித்தல் இப்போதைய சிவப்பு' என்றும் மற்ற இரண்டிலும் அதேபோலவும் எழுதினால் படம் நெகட்டிவ் ஆகிவிடும். எட்டு நகர்த்திகள் வரை சேர்த்து, பெயர் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் தனி ஃபில்டர் கோப்பு தயார். சி மொழி தெரியாதவர்களும் ஆயிரக்கணக்கில் ஃபில்டர்கள் செய்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள்.

அவற்றை இறக்கிக்கொண்டவர்களில் பலரிடம் ஃபோட்டோஷாப் இல்லை. மினசோட்டாவின் ஜாஸ்க் நிறுவனம் விற்ற பெயின்ட் ஷாப் ப்ரோ, ஃபோட்டோஷாப் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தது. அதுவும் ஃபோட்டோஷாப் ஃபில்டர்களை ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. கோரல் ஃபோட்டோ-பெயின்ட், யூலீட் ஃபோட்டோஇம்பாக்ட், பின்னாளில் இர்ஃபான்வியூ, அஃபினிட்டி ஃபோட்டோ என்று பட்டியல் நீண்டது. ஃபில்டர் எழுதுவோருக்காக அடோபி இலவசமாகக் கொடுத்த வழிகாட்டித் தொகுப்பை மறுபக்கத்திலிருந்து படித்து, தாய் மென்பொருள்போல நடந்துகொள்ளக் கற்றுக்கொண்டவை இவை. ஒரு நிறுவனத்தின் உள்வழக்கம் இப்படித்தான் துறை முழுவதற்குமான தரமாக மாறியது. எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்காததன் விலையும் இருந்தது. பழைய ஃபில்டர்கள் பல, 'ப்ளக்இன்.டிஎல்எல்', 'எம்எஸ்விசிஆர்டி10.டிஎல்எல்' என்ற இரண்டு கோப்புகளைத் தேடும். முதலாவது ஃபோட்டோஷாப்போடு வந்தது; இரண்டாவது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி தொகுப்பைச் சேர்ந்தது. ஃபோட்டோஷாப் இருந்த கணினியில் இரண்டும் தாமாகவே இருந்ததால், ஃபில்டரை எழுதியவருக்கு அவை தேவை என்பதே தெரிந்திருக்காது. பெயின்ட் ஷாப் ப்ரோ மட்டும் வைத்திருந்தவருக்கு ஃபில்டர் மெனுவில் வராது; வராததற்குக் காரணமும் சொல்லப்படாது. அந்த இரண்டு கோப்புகளையும் தேடிப் பிடித்து விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டரில் போடுவது 1990களின் இறுதியில் ஒரு கைவைத்தியமாகவே பரவியிருந்தது. வேறு சில ஃபில்டர்கள் படிவத்தில் தாய் மென்பொருளின் அடையாளத்தைப் பார்க்கும். அங்கே ஃபோட்டோஷாப்பின் '8பிஐஎம்' என்ற நான்கெழுத்துக் குறி இல்லையென்றால் ஓட மறுக்கும். அதற்கு மாற்று மென்பொருள்கள் கண்ட வழி எளிது: அந்தக் குறியைத் தாங்களே போட்டுக்கொண்டன.

2000களின் தொடக்கத்தில் அடோபி, ஃபில்டர் எழுதுவோருக்கான அந்த வழிகாட்டித் தொகுப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்ற நிலையை மாற்றி, விண்ணப்பித்துப் பெறுவதாக்கியது. கட்டற்ற மென்பொருளான கிம்புக்கு ஃபோட்டோஷாப் ஃபில்டர்களை ஓட்டும் இணைப்பை எழுதிய ஃபின்லாந்துக்காரர் டோர் லில்குவிஸ்ட் போன்றவர்கள் பழைய தொகுப்புகளையே நம்ப வேண்டியிருந்தது.

ஃபோட்டோஷாப்பை மட்டுமே பயன்படுத்தியவர்களும் நிம்மதியாக இல்லை. 1994இல் மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. அதுவரை படம் ஒரே தட்டையான தாள். இப்போது ஒளிபுகும் வெற்றிடங்களும் வந்துவிட்டன. வெற்றிடத்தில் ஃபில்டர் எதை எழுதுவது? அடோபி ஏழு நிலைமைகளைப் பிரித்து, எவற்றைக் கையாள முடியும் என்று ஒவ்வொரு ஃபில்டரும் தன் கோப்பிலுள்ள பண்புப் பட்டியலில் அறிவிக்கச் செய்தது. மெனுவில் சில ஃபில்டர்களின் பெயர் மங்கலாகத் தெரிவதன் காரணம் இந்த அறிவிப்புதான். நிறத்துக்கு 8 பிட் படங்களை மட்டும் அறிந்த ஃபில்டர், 16 பிட் படத்தைத் திறந்ததும் மங்கிவிடும். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற முறையிலும் பெரும்பாலானவை அப்படியே. பயனர்கள் இதைப் பழுது என்று நினைத்தார்கள். உண்மையில் பொருத்தம் ஒழுங்காக வேலை செய்த இடம் இது ஒன்றுதான்: முடியாது என்பதை ஃபில்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2007இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்3 கொண்டுவந்த ஸ்மார்ட் ஃபில்டர் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது. பயனரை மறுபடி கேட்காமல், பழைய அளவுகளை நினைவில் வைத்து ஃபில்டர் தானே மீண்டும் ஓட வேண்டும். பழைய ஃபில்டர்கள் பலவற்றுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஃபில்டர்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது அடியில் இருந்த கணினி மாறியதுதான். 1994இல் ஆப்பிள் மோட்டரோலா 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசி சில்லுக்குத் தாவியது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் ஃபில்டர்கள் 32 பிட் மென்பொருளுக்குள் ஏறவில்லை. 2002இல் ஃபோட்டோஷாப் 7 மேக் ஓஎஸ் எக்ஸுக்கு நேரடியாக வந்தபோது பழைய மேக் ஃபில்டர்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2007இல் சிஎஸ்3 இன்டெல் மேக்குக்கு வந்தது. பவர்பிசி ஃபில்டர் வேண்டுமென்றால், ஃபோட்டோஷாப் முழுவதையுமே ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும்.

அடுத்தது 64 பிட். ஓடும் ஒரே நிரலுக்குள் 32 பிட் பகுதியும் 64 பிட் பகுதியும் கலந்திருக்க முடியாது. 2008இல் சிஎஸ்4 விண்டோஸில் மட்டும் 64 பிட்டாக வந்தது. மேக் ஃபோட்டோஷாப் நம்பியிருந்த கார்பன் என்ற நூலகத்தின் 64 பிட் வடிவத்தை ஆப்பிள் 2007இல் கைவிட்டதால் மேக் பயனர்கள் 2010இல் சிஎஸ்5 வரும்வரை காத்திருந்தார்கள். விண்டோஸில் அடோபி ஒரு சலுகை செய்தது: 64 பிட் கணினியில் ஃபோட்டோஷாப்பின் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். பழைய ஃபில்டருக்காக மட்டும் 32 பிட் வடிவத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் மற்றதற்குத் திரும்பியவர்கள் ஏராளம். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்போடு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 2021 மார்ச்சில் ஆப்பிள் எம்1 சில்லுக்கான ஃபோட்டோஷாப் வந்தபோது, இன்டெல் மேக் ஃபில்டர்களுக்கு ரோசெட்டா 2 தேவைப்பட்டது. பெயரிலுள்ள எண்ணைத் தவிர மற்றதெல்லாம் 2007இன் கதைதான்.

ஒவ்வொரு மாற்றத்திலும் தப்பியவை, மறுபடி எழுதிக் கொடுக்க ஆள் இருந்த ஃபில்டர்கள். ஹெச்எஸ்சி நிறுவனம் மெட்டாடூல்ஸ் ஆகி, 1997இல் ஃப்ராக்டல் டிசைனுடன் இணைந்து மெட்டாகிரியேஷன்ஸ் ஆனது. 2000இல் காய்ஸ் பவர் டூல்ஸ் கோரலின் கைக்குப் போய் ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. புகைப்படக்காரர்கள் விரும்பிய நிக் கலெக்‌ஷனை கூகுள் 2012இல் வாங்கியது. 2016இல் இலவசமாக்கி, மறு ஆண்டே இனி மேம்பாடு இல்லை என்று அறிவித்தது. இலவசம் என்று கொண்டாடியவர்களுக்கு அது கைவிடுதலின் முன்னறிவிப்பு என்பது தாமதமாகவே புரிந்தது. 2017 அக்டோபரில் பிரான்ஸின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் அதை வாங்கி மறுபடி விலைக்கு விற்கத் தொடங்கியதால்தான் அது இன்றும் புதிய பதிப்புகளில் ஓடுகிறது. இலவசத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று வருந்தியவர்களும் உண்டு. ஆனால் அந்த விற்பனை நடக்காமல் போயிருந்தால் பறிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சொந்தக்காரர் இல்லாத ஃபில்டர்களுக்கு வேறு வழிகள் பிறந்தன. விண்டோஸின் இலவச மென்பொருளான பெயின்ட்.நெட்டுக்கான பிஎஸ்ஃபில்டர்பிடிஎன் என்ற இணைப்பு, 32 பிட் ஃபில்டரைத் தனியான சிறு 32 பிட் நிரலுக்குள் ஏற்றி, படத்தை அங்கே அனுப்பி, முடிவை வாங்கிக்கொள்கிறது. ஃபில்டர் ஃபேக்டரியில் செய்த கோப்புகளுக்கு இன்னும் நல்ல வழி கிடைத்தது. அவற்றின் சூத்திரங்கள் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே எழுத்தாக இருப்பதால், ஃபில்டர் ஃபவுண்ட்ரி என்ற திறமூல மென்பொருள் அவற்றைப் படித்து 64 பிட் ஃபில்டராக மறுபடி ஆக்கிக் கொடுக்கிறது. பெரிய விலைக்கு விற்ற தொகுப்புகள் பல மூல நிரல் எங்கே என்று தெரியாமலே மறைந்துவிட்டன. காசு வாங்காமல் பொழுதுபோக்குக்காரர்கள் எழுதி வைத்த மூன்று வரிச் சூத்திரங்கள் இன்றைய ஃபோட்டோஷாப்பிலும் ஓடுகின்றன.