பத்துமலை வட்டாரத்து ஈய நிலங்களும் வண்டல் மேலாண்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பத்துமலை என்னும் பெயரிலுள்ள 'பத்து' எண்ணைக் குறிப்பதன்று. மலாய்மொழியில் கல்லைக் குறிக்கும் அச்சொல் மலையருகே ஓடும் பத்து ஆற்றின் பெயராகவும் விளங்குகிறது. தைப்பூச நாளில் காவடி எடுப்போர் நீராடும் ஆறு அதுவே. ஆயினும், அவ்வாற்றின் வரலாறு சமய வரலாற்றோடு முடிவதில்லை. ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற மணலும் சேறும் குட்டைகளும் அதன் போக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீர்மானித்து வந்துள்ளன. அந்நிலங்களில் வடிகாலும் வண்டலும் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈயமும் ஆறும்

1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின்வழியே வந்து அம்பாங்கில் ஈயம் தேடினர். கோலாலம்பூர் நகரின் தோற்றம் அதிலிருந்தே தொடங்குகிறது. பத்துமலைக் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளையும் (1850–1902) ஈயத் தொழிலில் ஈடுபட்டவரே. அவரும் லோக் இயூவும் ரவாங்கில் நடத்திய சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பயன்படுத்தப்பட்டது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் இத்திருத்தலத்தின் வரலாறும் ஈயத்தின் வரலாறும் ஒரே மனிதரிடம் சந்திப்பது நோக்கத்தக்கது.

அக்காலச் சுரங்க முறை நீரையே கருவியாகக் கொண்டது. மண்மேட்டின்மீது நீர் பீய்ச்சப்பட்டது. கரைந்த சேறு 'பாலோங்' எனப்படும் நீண்ட மரத்தொட்டியில் ஓடவிடப்பட்டது. கனமான ஈயமணல் அதில் தங்கியது. எஞ்சிய மணலும் நுண்சேறும் வெளியேறின. வெளியேறியவை தேக்கப்படாதவிடத்து ஆற்றையே சென்றடைந்தன.

இதன் விளைவைக் கோலகுபு நகரம் காட்டுகிறது. 1883-இல் அணை உடைந்து அழிவைக் கண்ட அவ்வூர், பின்னர் மேற்பகுதிச் சுரங்கங்களின் வண்டலால் மீண்டும் மீண்டும் வெள்ளத்திற்கு உள்ளானது. இறுதியில் மக்கள் அதனைக் கைவிட்டு, மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்ட கோலகுபு பாருவுக்குக் குடிபெயர்ந்தனர். ஆற்றுப்படுகை உயர்ந்தால் ஊரே இடம்பெயர நேரும் என்பதற்கு இது சான்றாகும்.

கோலாலம்பூர் இடம்பெயரவில்லை, ஆற்றை மாற்றியது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் நகருக்குள் கிள்ளான் ஆறு நேராக்கப்பட்டது. 1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தோற்றம் கண்டது. எனினும், ஆற்றை நேராக்குவதால் நீர் விரைந்து ஓடுமேயன்றி, வண்டல் தோன்றும் இடம் மாறிவிடாது. 1971 ஜனவரியில் நகரம் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது.

சுரங்க நிலத்தின் இயல்பு

கைவிடப்பட்ட ஈய நிலம் மூவகைக் கூறுகளைக் கொண்டது. முதலாவது மணல்மேடு. சத்தும் பிணைப்புமற்ற இதில் புல் எளிதில் வேர்பிடிப்பதில்லை. ஒரு கனமழையே ஓடை வெட்டிவிடும். இரண்டாவது நுண்சேற்றுப் பள்ளம். மேலே காய்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கும் இதன்மீது அமைக்கப்படும் வடிகால் சீரற்று அமிழ்ந்து, தன் சரிவை இழக்கும். மூன்றாவது ஈயக்குட்டை.

இம்மூன்றையும் ஒரே முறையில் கையாள இயலாது. 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடங்கள் போதும், 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ ஏறத்தாழ 3 நாள்கள் தேவை. ஆகவே, சிறிய வண்டல் பொறி மணலைப் பிடிக்குமேயன்றிச் சேற்றைப் பிடிக்காது. சேற்றைத் தடுக்க விரும்புவோர் அது கரையாமலேயே காக்கவேண்டும். நிலத்தைப் பகுதி பகுதியாக மட்டுமே திறத்தல், திறந்த நிலத்தை உடனே புல்லால் மூடுதல், மேட்டுநீரைச் சம உயர வாய்க்கால்களால் திருப்பிவிடுதல், மண்வேலைக்கு முன்பே தேக்கக் குளத்தை அமைத்தல் ஆகியன அதற்கான வழிகளாகும்.

குட்டை காவலான வரலாறு

1985-இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, நகரம் அந்நிலங்களை நோக்கி விரிந்தது. ஈயத்திற்காகக் கழுவப்பட்ட மண், இப்போது கட்டடங்களுக்காகத் திறக்கப்பட்டது. ஆனால், வீண்நிலமாகக் கருதப்பட்ட குட்டைகளுக்குப் புதியதொரு பயனும் கிட்டியது. 1987-இல் பத்து அணை நிறைவுற்றது. அதன்பின் வகுக்கப்பட்ட வெள்ளத் தணிப்புத் திட்டத்தில் பத்து, ஜின்ஜாங் ஆகிய இடங்களின் முன்னாள் ஈயக்குட்டைகள் வெள்ளத் தேக்கக் குளங்களாக்கப்பட்டன. கோம்பாக், கெரோ ஆறுகளின் மிகைநீர் அவற்றிற்குத் திருப்பிவிடப்படுகிறது.

2001 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு இச்சிந்தனையைப் பொதுவிதியாக்கியது. நீரை விரைந்து வெளியேற்றுதல் என்னும் பழைய கொள்கைக்கு மாறாக, மழை விழும் இடத்திலேயே நீரைத் தேக்கி, மேம்பாட்டுக்குப் பிந்திய உச்ச வெள்ளம் முந்தைய அளவை மிஞ்சாமல் காக்கவேண்டும் என்பது அதன் அடிப்படையாகும்.

முடிவுரை

இவ்வரலாறு ஓர் உண்மையை வலியுறுத்துகிறது. தேக்கக் குளத்தின் கொள்ளளவு இருவகையில் குறையும்: மேலிருந்து வரும் வண்டல் அதனை நிரப்பலாம், கரையிலிருந்து கொட்டப்படும் மண் அதனைத் தூர்க்கலாம். முன்னதற்குத் தூர்வாருதலும் மேட்டுநிலக் காப்பும் தேவை. பின்னதற்குக் குளத்தின் எல்லை சட்டப்படி வரையறுக்கப்படல் தேவை. இரண்டில் ஒன்று தவறினும் கோலகுபுவின் பாடம் மறக்கப்பட்டதாகவே ஆகும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட பெருவெள்ளம் இக்கவலை பழங்கதையன்று என்பதை உணர்த்திற்று.

பத்து ஆற்றில் நீராடிக் காவடி சுமக்கும் சமுதாயத்திற்கு ஆற்றின் தெளிவு வழிபாட்டோடு இயைந்த ஒன்று. படியேறும் வழியைப் பேணுவதில் காட்டும் அக்கறையை, அவ்வழி தொடங்கும் ஆற்றிற்கும் அதன் மேற்பகுதி நிலங்களுக்கும் காட்டுவது நம் கடனாகும்.