கிரனைற்றுப் பாறையின் மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயத் தகாதவை என்பது முதுமொழி. பாறையின் மூலத்தைப் பற்றி அம்முதுமொழி யாதொன்றும் கூறவில்லை. ஆயினும், கிரனைற்று என்னும் பாறையின் மூலத்தை ஆராயப் புகுந்தோர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வாதப் பிரதிவாதங்களில் மூழ்கிக் கிடந்ததை நோக்குமிடத்து, அதனையும் உடன் சேர்த்திருக்கலாமோ என்று எண்ணத் தோன்றும்.

கருங்கல் என மக்கள் வழங்கும் சொல் பல்வகைப் பாறைகளைக் குறிக்கும். புவிச்சரிதவியலார் கிரனைற்று என்பது அவற்றுள் ஒருவகை. கண்ணாடி போன்ற குவாட்சு, வெண்மையோ இளஞ்சிவப்போ வாய்ந்த பெல்சுபார், பளபளக்கும் மைக்கா ஆகிய கனிப்பொருள்களின் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே அதன் அமைப்பாகும். கடலின் அடித்தளம் பசோல்ற்று என்னும் கரிய பாறையால் ஆனது. கண்டங்களின் மேற்பகுதியோ பெரும்பாலும் கிரனைற்றையும் அதற்கு இனமான பாறைகளையும் கொண்டது. ஆதலின், கிரனைற்று எங்கிருந்து வந்தது என்னும் வினா, மனிதன் குடியிருக்கும் நிலம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவேயாம். நிலம் பூமியின் ஆழத்திலிருந்து புதிது புதிதாகப் பிறந்து வளர்கின்றதா? அன்றிப் பழைய நிலமே உருகி மீண்டும் மீண்டும் வார்க்கப்படுகின்றதா? வழக்கின் உயிர்நிலை இதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சக்சனி நாட்டின் பிரைபேர்க் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வேர்ணர், ஆதியிற் பூமியைச் சூழ்ந்திருந்த பெருங்கடலிலிருந்து முதன்முதலாகப் படிந்த பாறையே கிரனைற்று எனப் போதித்தார். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் இதனை மறுத்தார். 1785ஆம் ஆண்டில் கிளென் ரில்ற் என்னும் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையிலே, செந்நிறக் கிரனைற்று நரம்பு நரம்பாகக் கரும்பாறையினுள் ஊடுருவியிருப்பதை அவர் கண்டார். ஊடுருவியது பிந்தியது, ஊடுருவப்பட்டது முந்தியது. ஆகவே கிரனைற்று ஒரு காலத்தில் உருகிய குழம்பாய் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு.

உருகியது எனக் கொண்டாலும், உருகிய பொருள் யாது என்பது எஞ்சி நின்றது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா மீண்டும் கொழுந்துவிட்டு எரிந்தது. வாஷிங்டனில் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய போவன், பசோல்ற்றுக் குழம்பு மெல்ல ஆறும்போது முதலிற் படிகமாகும் கனிப்பொருள்கள் அடியிற் பிரிந்துவிட, இறுதியில் எஞ்சும் குழம்பே கிரனைற்று என 1928இல் வெளியிட்ட நூலில் நிறுவ முற்பட்டார். அவ்வாறாயின் சிறிதளவு கிரனைற்றுக்குப் பன்மடங்கு பசோல்ற்று வேண்டுமே, அத்துணைப் பசோல்ற்று அயலில் எங்கே என எதிர்த்தரப்பினர் வினவினர்.

எதிர்த்தரப்பின் முன்னணியில் நின்றவர் இலண்டனைச் சேர்ந்த எச். எச். றீட். களிமண்ணும் மணலும் இறுகிய அடையற் பாறைகள் படிப்படியாகக் கிரனைற்றாக மாறுவதைப் பல மலைகளிற் காணலாம் என்றார் அவர். பல மைல் அகலமான கிரனைற்றுத் திணிவு கீழிருந்து புகுந்ததாயின், அவ்விடத்தில் முன்பிருந்த பாறை எங்கே போயிற்று என்பது அவர் தரப்பின் கூரிய வினா. பழைய பாறை இருந்த இடத்திலேயே கிரனைற்றாக மாறியது என்றால் இத்தொல்லை இல்லை. எனினும், 1948இல் எழுதிய கட்டுரையில், கிரனைற்று ஒருவகை அன்று, பலவகை என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

1958இல் போவனும் தற்றிலும் நடத்திய பரிசோதனைகள் வெளியாயின. பாறைகள் நீருடன் அழுத்தத்திற் சூடேறும்போது, யாவற்றினும் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலவை கிரனைற்றின் கலவையே என அவை காட்டின. கிரனைற்றுக் குழம்பு உண்டாதல் இயலும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் பசோல்ற்று ஆறினாலும், களிமண் உருகினாலும் முடிவில் தோன்றுவது அதே கலவை. ஒரே அச்சில் வார்த்த இரு நகைகளுள் எது புதுப்பொன், எது பழைய நகையை உருக்கிய பொன் என்று பார்த்த மாத்திரத்தே கூற இயலாததுபோல, கிரனைற்றின் உருவத்தை மட்டும் நோக்கி அதன் குலத்தை அறிதல் இயலாதாயிற்று. வேறொரு சான்று தேவைப்பட்டது. அச்சான்றைத் தந்தவை சமதானிகள்.

இரசாயன இயல்பில் ஒன்றாயும் அணுவின் திணிவில் வேறாயும் உள்ள மூலக அணுக்களே சமதானிகள் எனப்படும். இக்கருத்தை 1913இல் வெளியிட்டவர் பிரெடெரிக் சொடி. அதன் நிரூபணத்தில் இலங்கைக்கும் பங்குண்டு. தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயம் சாதாரண ஈயத்தினும் கனமாயிருத்தல் வேண்டும் என்று எதிர்பார்த்த சொடி, இலங்கையிற் கிடைத்த தோரைற்று என்னும் கனிப்பொருளிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2, இலங்கைத் தோரைற்றின் ஈயமோ 207.7க்கு மேற்பட்டிருந்தது. பின்னர் அஸ்ரன் அமைத்த கருவியும், அதனைச் செம்மைப்படுத்திய அல்பிரட் நீயரின் திணிவு நிறமாலைமானியும் சமதானிகளைப் பிரித்து அளக்க வழிசெய்தன.

கிரனைற்றின் குலத்தை முதலில் வெளிப்படுத்தியது ஸ்ரொன்சியம் என்னும் மூலகம். ருபீடியம் 87 என்னும் சமதானி மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ரொன்சியம் 87 ஆகின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,000 கோடி ஆண்டுகள்; பூமியின் வயதைப் போல் அது பத்து மடங்குக்கும் மேற்பட்டது. ஸ்ரொன்சியம் 86 கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கண்டங்களின் மேலோட்டில் ருபீடியம் மிகுதி; அதன் கீழுள்ள இடையோட்டில் அது மிகக் குறைவு. எனவே இடையோட்டில், ஸ்ரொன்சியம் 86இன் ஆயிரம் அணுக்களுக்கு 87இன் அணுக்கள் 703 அல்லது 704 என்ற அளவிலேயே உள்ளன. பழைய மேலோட்டிலோ அத்தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி 710, 720 எனவும் அதற்கு மேலும் உயர்ந்துவிடுகின்றது.

பாறை உருகும்போது இந்த விகிதம் மாறுவதில்லை. தாய்ப்பாறையின் விகிதம் சேய்க்குழம்புக்கு அவ்வாறே வந்து சேரும். கிரனைற்று இறுகிய பின் அதன் ருபீடியத்திலிருந்து உண்டான பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டால், பிறந்த நாளில் அது கொண்டிருந்த விகிதம் புலப்படும். 1960களின் தொடக்கத்தில், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பற்றிக் ஹேளியும் அவர் குழுவினரும் இம்முறையைக் கண்டங்களின் தோற்றத்தை ஆராயப் பயன்படுத்தினர்.

இம்முறை இருவேறு விடைகளைத் தந்தது. இமயமலையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய வெண்ணிறக் கிரனைற்றுகளில் இவ்விகிதம் 730க்கும் மேற்பட்டது. அவை பழைய அடையல்கள் உருகிப் பிறந்தவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வேறு பல கிரனைற்றுகளிலோ அது 704 அளவில் நின்றது. றீட் கூறியவாறு, கிரனைற்று ஒருவகையன்று என்பது எண்களால் உறுதியாயிற்று.

அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கிரனைற்றுகளை ஆராய்ந்த புறூஸ் சப்பெல், அலன் வைற் என்னும் இருவரும், 1974இல் அவற்றைத் தீப்பாறை வழி வந்தவை, அடையற் பாறை வழி வந்தவை என இரு குலங்களாகப் பிரித்தனர். முன்னவற்றின் விகிதம் 704 முதல் 706 வரை. பின்னவற்றின் விகிதம் 708க்கு மேல் என்பது அவர்கள் தந்த அளவுகோல். 1977இல் ஒட்சிசனும் சாட்சி கூறியது. வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்து களிமண்ணாகும்போது கனத்த ஒட்சிசனான 18ஆம் சமதானி அதிற் செறிகின்றது. எனவே பூமியின் மேற்பரப்பில் ஒருமுறை மண்ணாய்க் கிடந்த பொருள் எத்துணை ஆழத்தில் உருகினாலும் அந்த அடையாளத்தை இழப்பதில்லை. அடையல் வழிக் கிரனைற்றுகளில் அவ்வடையாளம் மிகுந்திருக்கக் காணப்பட்டது.

வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம், முடியவில்லை. சிர்க்கன் என்னும் சின்னஞ்சிறு கனிப்பொருள் அதனை மீண்டும் திறந்தது. மாத்தறை வைரம் என இலங்கையில் வழங்கும் மணியும் சிர்க்கனே. மரத்தின் வளையங்களைப்போல அடுக்கடுக்காக வளர்ந்த அதன் ஒவ்வோர் அடுக்கையும், மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு அளவான புள்ளிகளாகப் பிரித்து ஆராயும் அயன்கற்றைக் கருவியைக் கன்பராவில் வில்லியம் கொம்ஸ்ரன் குழுவினர் அமைத்தனர். அக்கருவியின் அளவுகளை ஒப்புநோக்கும் நியமமாக நெடுங்காலம் விளங்கியது எஸ்.எல். 13 எனப் பெயர்பெற்ற இலங்கைச் சிர்க்கன். சிர்க்கன் அடுக்குகளின் ஆவ்னியம், ஒட்சிசன் சமதானிகளை அளந்த அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. தீப்பாறை வழி வந்தவை எனப்பட்ட அவுஸ்திரேலியக் கிரனைற்றுகளிலும் அடையலின் பங்கு இருந்தது. இடையோட்டிலிருந்து எழுந்த புதுக்குழம்பு பழைய அடையல்களை உருக்கித் தன்னுடன் கலந்துகொண்டதன் பயனே அவை. தூய குலம் எனக் கருதப்பட்டதும் கலப்புக் குலமே!

இலங்கையின் பாறைகளும் இம்முறையால் ஆராயப்பட்டன. நியோடிமியம் சமதானிகளைக் கொண்டு மைன்ஸ் நகர ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட முடிவின்படி, கண்ணுக்கு ஒரே தன்மையவாய்த் தோன்றும் இத்தீவின் பழம்பாறைகள் வெவ்வேறு வரலாறுடைய நிலப்பகுதிகளைச் சேர்ந்தவை. மத்திய உயர்நிலப் பாறைகளின் பொருள் 220 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் இடையோட்டிலிருந்து பிரிந்தது. கிழக்கிலுள்ள விஜயன் தொகுதியினது 110 கோடி முதல் 180 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

ஆகவே, இரு தரப்பினருள் எவரும் முற்றாக வென்றாரல்லர். எவரும் முற்றாகத் தோற்றாருமல்லர். கிரனைற்று உருகிய குழம்பிலிருந்து பிறந்தது என்பதில் ஹட்டனும் போவனும் உண்மை கண்டனர். பழைய நிலமும் அதில் உறைகின்றது என்பதிலும், அது பலவகைப்பட்டது என்பதிலும் றீட் உண்மை கண்டார். புதுப்பொன்னும் பழம்பொன்னும் ஒரே மூசையில் உருகி வார்க்கப்பட்டதே மனிதன் காலூன்றி நிற்கும் நிலம்.