டச்சுக்காரர்கள் அச்சடித்த யாழ்ப்பாணத்து தேவாலயங்கள்

பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்களோடு வந்த பாதிரியார். 1665 வரை அங்கே வேலை பார்த்தார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. தமிழ் எழுத்துக்களையும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள செப்புத்தகட்டுப் படங்கள்தான். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு என்று ஊருக்கு ஒரு தேவாலயம். முக்கோண முகப்பு, பக்கத்தில் ஒரு வீடு, மரங்கள், பொடிப்பொடியாக மனிதர்கள். தகட்டில் செதுக்கியவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் மரங்களை ரொம்ப நம்ப வேண்டாம் :-)

படத்தைப் பார்த்ததும் "டச்சு கட்டடக்கலை" என்று சொல்லத் தோன்றும். அது பாதிதான் உண்மை. இவற்றில் பல, போர்த்துக்கீசியர் கட்டிய கத்தோலிக்கக் கோயில்கள். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்து, சுரூபங்களை எடுத்துவிட்டு, பிரசங்க மேடை வைத்தார்கள். கூடவே பள்ளிக்கூடம். பால்டேயஸ் ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறார்.

ஒரு பி.காம். மாணவனுக்கு இந்த இடம்தான் சுவாரசியம். ஆட்சி செய்தது ஹாலந்து அரசாங்கம் அல்ல, 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் கைமாறிய அதே கம்பெனி. ஞானஸ்நானமும் கல்யாணமும் ஏறிய பதிவேடு (தோம்பு என்பார்கள்) தேவாலயப் பள்ளியில் இருந்தது. சொத்துரிமைக்கும் கம்பெனி உத்தியோகத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். அதாவது, படத்தில் இருக்கும் கட்டடம் பாதி கோயில், பாதி தாலுகா ஆபீஸ்! ஞானஸ்நானம் வாங்கிய எத்தனை பேர் வீட்டில் பழைய சாமியையே கும்பிட்டார்கள் என்பதை எந்தத் தகட்டிலும் செதுக்க முடியாது.

1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் போயிற்று, கோயில்கள் காலியாயின. 1816-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தபோது வட்டுக்கோட்டையில் இருந்தது கூரையில்லாத சுவர்கள். அதைச் செப்பனிட்டார்கள், 1823-ல் அங்கே செமினரி தொடங்கினார்கள். சங்கானையில் பவளக்கல் சுவர்கள் இடிபாடாக இன்றும் நிற்கின்றன.

டச்சுக்காரர்கள் தாங்களே முழுதாகக் கட்டியது யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த சிலுவை வடிவ தேவாலயம். வருடம் 1706. பால்டேயஸ் புத்தகத்துக்குப் பிந்தியது என்பதால் அதற்குத் தகடு இல்லை. 1990-ல் கோட்டை முற்றுகையும் அதைத் தொடர்ந்த போரும் அதை இடித்துவிட்டன. இப்போது அந்த இடத்தில் கல் குவியல். நல்லவேளை, அதற்குள் கேமரா வந்திருந்தது.