சாணைச் சக்கரத்தின் சிற்பிகள்

கண்ணாடிக் குமிழியை ஊதிப் பாத்திரமாக்குவது ஒரு கலை. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாரசீகத்திலும் ஈராக்கிலும் எகிப்திலும் வாழ்ந்த சித்திரக் கண்ணாடித் தொழிலாளருக்கோ, அப்பாத்திரம் ஆறிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கிற்று. இதற்கென்றே கனமாக ஊதிய பாத்திரத்தைச் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் பிடித்து, சாணைப்பொடியை ஈரத்தோடு இட்டு, உருவத்துக்கு வேண்டிய கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, சுற்றியுள்ள பரப்பையெல்லாம் சிறுகச் சிறுக அரைத்தெடுத்தார்கள்.  இங்கே கை சற்றுப் பிசகினாலும் அதுவரை பட்ட பாடெல்லாம் வீணே.

வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயக் கருவூலத்தில், இத்தகைய கிண்ணம் ஒன்று பொன்முலாம் பூசிய வெள்ளிக் கட்டுக்குள் இருக்கிறது. ஒளி புகாத நீலப்பச்சை நிறம், ஐந்து பக்கங்கள், பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் முயல்கள், அடியில் அரபு எழுத்தில் ‘குராசான்’ என்ற பெயர். பாரசீகத்துக் குராசானைச் சேர்ந்த நிஷாபூர்ச் சுரங்கங்கள் பெரோஸா என்னும் நீலப்பச்சை ரத்தினத்துக்குப் பிரசித்தி பெற்றவையாதலால், இக்கிண்ணத்தையும் அந்த ரத்தினத்தில் குடைந்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ரத்தினத்தோடு சரியாசனம் கோரிய கண்ணாடியின் இந்தத் துணிவை நான் வஞ்சகமென்று சொல்லத் துணியேன். மணலையும் சாம்பலையும் உருக்கிய பண்டத்தை அந்தப் பதவிக்கு உயர்த்திய கையின் மகிமை அது.

கருவூலங்களுக்கு வெளியிலும் இத்தொழில் செழித்திருந்தது. 1025ஆம் ஆண்டையொட்டி, துருக்கியின் தென்மேற்குக் கரையில், ரோட்ஸ் தீவுக்கு எதிரேயுள்ள செர்ச்சே லிமானி விரிகுடாவில் ஒரு வணிகக் கப்பல் மூழ்கிற்று; அதிலிருந்த, எகிப்தின் பாத்திமிய ஆட்சிக்காலக் கண்ணாடி எடைகளே அக்காலத்தைத் துலக்கின. மீண்டும் உருக்குவதற்காக ஏற்றிச் சென்ற ஏறத்தாழ 3 டன் கண்ணாடி, கட்டிகளும் உடைசல்களுமாக, அதில் கிடந்தது. 1977 முதல் 1979 வரை தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் தலைமையில் அகழ்ந்தெடுத்த அறிஞர்கள், லட்சக்கணக்கான சில்லுகளை நிறமும் வடிவும் பார்த்துப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பொறுமையாக இணைத்தபோது, சிங்கங்களைச் செதுக்கிய குவளை முதலிய பல பாத்திரங்கள் உருப்பெற்றன. உலைக்குப் போகவிருந்த அவற்றை இன்று போத்ரும் அருங்காட்சியகத்தில் காணலாம்.